டிராக்டரில் பனி தள்ள எந்தக் கருவி? தேர்வு முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

பனி தள்ளும் கருவி வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "என் டிராக்டருக்கு எத்தனை அடி பிளேடு போடலாம்?" என்பதுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: ஒதுக்கிய பனியை எங்கே போடப் போகிறீர்கள்? பாதையின் இருபுறமும் காலி நிலம் இருந்தால் ஓரத்துக்குத் தள்ளும் பிளேடே போதும். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வேலி என்றால், எவ்வளவு பெரிய பிளேடு வாங்கினாலும் குளிர்காலத்தின் பாதியிலேயே இடம் தீர்ந்துவிடும். அங்கே பனியைத் தூக்கி வீசும் புளோயரோ, அள்ளி அப்பால் கொண்டுபோய்க் கொட்டும் பக்கெட்டோ வேண்டும். இதற்கு விடை தெரிந்தால் கருவிகளில் பாதி தானாகக் கழிந்துவிடும்.

மீதியைத் தீர்மானிப்பது டிராக்டர். பிளேடு வேலையில் இன்ஜின் சக்தி தீர்வதற்கு முன்பே டயர் வழுக்க ஆரம்பித்துவிடும். அதனால் குதிரைத்திறனைவிட எடைக்கும் டயர் பிடிப்புக்கும்தான் முதல் கவனம். புளோயருக்கு மட்டும் கணக்கு வேறு. அது சக்தியைத் தின்னும் கருவி.

இடத்தை அளந்துகொள்ளுங்கள்

பாதையின் நீளம், அகலம், ஒரே இரவில் வழக்கமாக விழும் பனியின் உயரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 60 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள பாதையில் 20 சென்டிமீட்டர் பனி விழுந்தால் 48 கன மீட்டர். புதிதாக விழுந்த உலர்ந்த பனி கன மீட்டருக்கு 100 கிலோவுக்குள் இருக்கும் என்று வைத்தால், மொத்தம் ஐந்து டன்னுக்குச் சற்றுக் குறைவு. அதே பனி ஈரமாக, கன மீட்டருக்கு 300 கிலோ என்று இருந்தால் 14 டன்னைத் தாண்டிவிடும். போன வாரம் சுலபமாகத் தள்ளிய பிளேடு இந்த வாரம் திணறுவதற்குக் காரணம் இதுதான். கருவியை எப்போதும் ஈரப்பனிக்குக் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

தரை என்ன வகை என்பதும் முக்கியம். தார், கான்கிரீட் தரையில் கருவியின் விளிம்பு தரையை ஒட்டி ஓடலாம். சரளைப் பாதையில் அப்படி ஓட்டினால் பனியோடு கல்லும் போய், வசந்தத்தில் பாதி சரளை புல்வெளியில் கிடக்கும். செங்கல், சிமென்ட் கல் பதித்த தரைக்கு இரும்பு விளிம்பு ஆகாது. ரப்பர் அல்லது பாலியூரித்தேன் விளிம்பு வேண்டும்.

சரிவு எந்தப் பக்கம் என்று பார்த்து, பனி குவிக்கும் இடத்தைச் சரிவின் கீழ்ப்பக்கத்தில் வையுங்கள். மேல்பக்கம் குவித்தால் பகலில் உருகும் தண்ணீர் பாதையில் ஓடி, இரவில் கண்ணாடிப் பனிக்கட்டியாக உறையும். காற்று வழக்கமாக எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்பதையும் கவனியுங்கள். காற்று வரும் பக்கத்தில் உயரமான குவியல் நின்றால், அதன் மறைவில், அதாவது உங்கள் பாதையின் மேலேயே, அடுத்த முறை பனி வந்து தங்கும். பாதை சாலையில் சேரும் முனையில் ஓட்டுநரின் பார்வையை மறைக்கும்படி குவிக்கக் கூடாது. பனியைப் பொதுச் சாலையில் தள்ளுவது பல இடங்களில் சட்டப்படி குற்றம்.

டிராக்டரில் பார்க்க வேண்டியவை

கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். கடையில் கேட்கும் முதல் விவரங்களும் இவைதான்.

1. பி.டி.ஓ. (இன்ஜின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் சுழல் தண்டு) குதிரைத்திறன். இன்ஜின் ஹெச்.பி.யை விட இது எப்போதும் குறைவு. தோராயமாக 85 சதவீதம் என்று கொள்ளலாம். ஹைட்ரோஸ்டாட்டிக் (கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும்) வண்டிகளில் இன்னும் கொஞ்சம் குறையும்.
2. பி.டி.ஓ. வேகம். பின்புறம் பெரும்பாலும் 540 ஆர்.பி.எம்., 35 மில்லிமீட்டர் தண்டு, 6 பல். 1000 ஆர்.பி.எம். என்றால் 21 பல். சிறிய டிராக்டர்களின் வயிற்றுப் பகுதியில் இருக்கும் நடு பி.டி.ஓ. வழக்கமாக 2000 ஆர்.பி.எம்.மில் சுற்றும்.
3. மூன்று புள்ளி இணைப்பின் (பின்னால் கருவி மாட்டும், மேலே ஒன்றும் கீழே இரண்டுமான கைகள்) வகை. கேட்டகிரி 1 என்றால் டாப் லிங்க் பின் 19 மி.மீ., கீழ் லிங்க் பின் 22 மி.மீ. கேட்டகிரி 2 என்றால் 25, 28 மி.மீ. புஷ் போட்டு கேட்டகிரி 1 பின்னை 2-க்குத் தடிமனாக்கலாம்; ஆனால் லேசான கருவியைப் பெரிய டிராக்டரில் மாட்டினால் கருவி வளையும்.
4. பின் டயர்களின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை உள்ள அகலம். செயின் போடும் உத்தேசம் இருந்தால் செயினோடு சேர்த்து அளக்க வேண்டும்.
5. லோடர் (முன்னால் பக்கெட்டைத் தூக்கும் கைகள்) இருந்தால் அதன் தூக்கும் திறன், முன்னால் கருவி மாட்டும் இணைப்பு எந்த வகை என்பது. ஸ்கிட் ஸ்டீர் வகைத் தகடும் யூரோ வகைக் கொக்கியும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.
6. கூடுதல் ஹைட்ராலிக் இணைப்புகள் எத்தனை. பிளேடை இருக்கையிலிருந்தே கோணம் திருப்ப ஒரு இரட்டை வழி இணைப்பு கட்டாயம் தேவை.

கியர் வண்டியா ஹைட்ரோஸ்டாட்டிக்கா என்பது பனி வேலையில் பெரிய வித்தியாசத்தைத் தரும். ஓயாமல் முன்னும் பின்னும் போக வேண்டிய வேலை இது. கியர் வண்டியானால் முன், பின் திசையைச் சட்டென்று மாற்றும் ஷட்டில் லிவர் இருந்தால் நல்லது. புளோயருக்கு மிக மெதுவான ரிவர்ஸ் கியர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மணிக்கு 1 முதல் 3 கிலோமீட்டர் வேகத்தில் முழு பி.டி.ஓ. சுற்றோடு பின்னால் போக முடியாத வண்டியில் பின்புற புளோயர் மாட்டுவதில் பயனில்லை.

பழைய டிராக்டர்களில் கிளட்சை மிதித்தால் வண்டியோடு பி.டி.ஓ.வும் நிற்கும். அதில் புளோயர் ஓட்டும்போது இரண்டு தொல்லைகள். பனி அதிகம் என்று வண்டியை நிறுத்த கிளட்சை மிதித்தால் புளோயரும் நின்று வாயிலேயே அடைத்துக்கொள்ளும். சுற்றிக்கொண்டிருக்கும் கனமான விசிறியின் வேகம் தண்டு வழியாகத் திரும்பி வந்து வண்டியையே தள்ளும் என்பது இரண்டாவது. இரண்டாவதுக்கு ஒரு திசையில் மட்டும் சக்தியைக் கடத்தும் ஓவர்ரன்னிங் கிளட்ச் போட்டால் தீர்வு கிடைக்கும். முதலாவதுக்குத் தனி பி.டி.ஓ. கிளட்ச் உள்ள வண்டிதான் தீர்வு.

பக்கெட்

லோடர் இருக்கிறவர்களிடம் இது ஏற்கெனவே இருக்கும். பனியை உயரமாகக் குவிக்கவும் லாரியில் ஏற்றவும் இதைவிட நல்லது இல்லை. ஆனால் நீளமான பாதையைச் சுத்தம் செய்யப் பக்கெட்டை மட்டும் நம்பினால் நேரம் ஓடிவிடும். மேலே சொன்ன 48 கன மீட்டரை 0.3 கன மீட்டர் பக்கெட்டால் அள்ளினால் கணக்குப்படி 160 நடை. அள்ளும்போது பனி அமுங்கும் என்பதால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மண் பக்கெட்டைவிட அகலமும் ஆழமும் கூடிய இலகுப் பொருள் பக்கெட் பனிக்குச் சரி. ஈரப்பனி நிரம்பினால் எடை எவ்வளவு வரும் என்று லோடரின் திறனோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

பக்கெட்டை முழுக்கக் கவிழ்த்து, விளிம்பைத் தரையில் அழுத்தியபடி ரிவர்ஸில் இழுப்பது பலருக்கும் பழக்கம். அந்த நிலையில் கவிழ்க்கும் சிலிண்டர்களின் ராடு முழு நீளத்துக்கு வெளியே நீண்டிருக்கும். தரையில் ஒரு மேடு இடித்தாலே ராடு வளைந்துவிடும். இழுக்க வேண்டுமென்றால் லோடரை ஃப்ளோட் நிலையில் (தரையின் ஏற்ற இறக்கத்துக்கேற்பத் தானாக அசையும்படி) விட்டு, பக்கெட்டைக் கொஞ்சம் மட்டும் சாய்த்து, மெதுவாக இழுங்கள்.

பின்புற பிளேடு

குறைந்த செலவில் அதிக வேலை கொடுப்பது இதுதான். மூன்று புள்ளியில் மாட்டுவது, ஹைட்ராலிக் இல்லாமலே ஓடும், கெட்டுப்போக அதிகம் பாகம் இல்லை. பாதையின் இருபுறமும் இடம் உள்ளவர்கள் முதல் கருவியாக இதை வாங்கலாம் என்பதே எங்கள் பரிந்துரை.

அகலத்தை நேராக வைத்து அளந்து வாங்கக் கூடாது. பனி ஓரத்துக்கு உருண்டு போக வேண்டுமானால் பிளேடு சுமார் 30 டிகிரி கோணத்தில் நிற்க வேண்டும். அப்போது அதன் பயனுள்ள அகலம் 13 சதவீதம் குறைந்துவிடும். 1.8 மீட்டர் பிளேடு கோணத்தில் 1.56 மீட்டர்தான் சுத்தம் செய்யும். டிராக்டரின் டயர் அகலம் 1.5 மீட்டர் என்றால் இருபுறமும் மூன்று சென்டிமீட்டர்தான் மிச்சம். லேசாக வளைத்தாலே டயர் பனிமேல் ஏறும். 2.1 மீட்டர் எடுத்தால் கோணத்தில் 1.82 மீட்டர் கிடைக்கும். அதுவே சரியான அளவு. டயர் மிதித்து இறுக்கிய பனியை எந்தப் பிளேடாலும் முழுசாகச் சுரண்ட முடியாது என்பதால் இந்தச் சில சென்டிமீட்டர்கள் முக்கியம்.

வாங்கும்போது மூன்று அசைவுகளைப் பாருங்கள்: கோணம் திருப்புவது, ஒரு முனையைத் தாழ்த்துவது, பக்கவாட்டில் நகர்த்துவது. பக்கவாட்டில் நகரும் பிளேடு இருந்தால் டயர் ஓரத்து மேட்டில் ஏறாமலேயே ஓரப் பனியை இன்னும் தள்ளி ஒதுக்கலாம். மேல்தள்ளும் பனி உருண்டு விழ பிளேடின் வளைவும் உயரமும் வேண்டும். உயரம் குறைந்த நிலம் சமன்படுத்தும் பிளேடில் பனி மேலாக வழிந்து பின்னால் விழும். அதே காரணத்தால் பாக்ஸ் பிளேடும் பனிக்கு ஏற்றதல்ல. ஓரத்துக்கு ஒதுக்க வழியில்லாமல் பெட்டி நிரம்பியதும் நின்றுவிடும்.

சரளைப் பாதைக்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. 5 முதல் 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் குழாயை நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் பிளந்து, பிளேடின் கீழ்விளிம்பில் செருகி, இரண்டு முனையிலும் போல்ட் போட்டு நிறுத்துங்கள். கூரான விளிம்பு கல்லைத் தோண்டும். உருண்டையான குழாய் கல்மேல் வழுக்கிப் போகும். குழாய் கிடைக்காவிட்டால் பிளேடை 180 டிகிரி திருப்பி, முதுகுப்பக்கம் முன்னால் வரும்படி இழுத்தாலும் விளிம்பு சாய்ந்து மேலோடு ஓடும். தரை நன்றாக உறைந்து, மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் கெட்டிப் பனி படியும் வரை இதைச் செய்தால் போதும். பிறகு குழாயைக் கழற்றிவிடலாம்.

ரிவர்ஸில் தள்ளும்போது வேகம் வேண்டாம். பெரும்பாலான லேசான பிளேடுகள் இழுப்பதற்காகச் செய்தவை. உறைந்த குவியலில் பின்னோக்கி மோதினால் கீழ் லிங்க் கைகள் நெளியும்.

முன்புற பிளேடு

முன்னால் பார்த்தபடி ஓட்டலாம். பாதையை டயர் மிதிக்கும் முன்பே சுத்தம் செய்துவிடும். தினமும் பனி தள்ள வேண்டியவர்களின் கழுத்துக்கு இது பெரிய நிம்மதி. மாட்டும் வழி இரண்டு. டிராக்டரின் சட்டத்தோடு இணையும் துணைச்சட்டத்தில் மாட்டினால் இடி முழுவதையும் வண்டியின் உடல் தாங்கும். லோடர் கைகளின் முனையில் மாட்டினால் உயர்த்திக் குவிக்கும் வசதி கிடைக்கும். ஆனால் கோணத்தில் தள்ளும்போது பக்கவாட்டு விசை நீண்ட கைகளை முறுக்கும். லோடரில் மாட்டுகிறவர்கள் நடைவேகத்தைத் தாண்டக் கூடாது.

மேன்ஹோல் மூடி, கான்கிரீட் இணைப்பு, உறைந்த கட்டி ஏதாவது தடுக்கும்போது பிளேடு மடங்கிக் கொடுக்க ஸ்பிரிங் அமைப்பு இருக்க வேண்டும். இது இல்லாத முன்புற பிளேடை வாங்கவே வேண்டாம். அடிவிளிம்பு மட்டும் மடங்குவது ஒரு வகை. பிளேடு முழுவதும் முன்னால் சாய்வது இன்னொரு வகை. ஆழமான பனியிலும் கோணத்தில் தள்ளும்போதும் அடிவிளிம்பு மடங்குவது நல்லது, ஏனென்றால் தள்ளிக்கொண்டிருக்கும் பனி சிந்தாது. முழுதும் சாயும் வகை உயரமான தடைகளைத் தாண்டும்; ஆனால் கனமான பனியில் தடையே இல்லாமலும் சாய்ந்துவிடும்.

V வடிவப் பிளேடு யாரும் போகாத பாதையில் முதல் வழியைத் திறக்க உதவும். வீட்டுப் பாதைக்கு அதன் கூடுதல் எடையும் விலையும் தேவைப்படுவது அரிது.

புஷர்

இருபக்கமும் சுவர் வைத்த அகலமான பெட்டி. பனி ஓரத்தில் வழியாமல் மொத்தமாக முன்னால் போகும். வண்டி நிறுத்துமிடம், களம் போன்ற திறந்த சதுரங்களுக்கு இதைப்போல வேகமானது வேறு இல்லை. நீளமான குறுகிய பாதைக்கு வேண்டாம்: கோணம் திருப்ப முடியாது, நிரம்பினால் டயர் வழுக்கும். ரப்பர் விளிம்பு ஈரப்பனியை நன்றாக வழித்தெடுக்கும். வண்டிகள் மிதித்து இறுகிய பனிக்கு இரும்பு விளிம்பு வேண்டும்.

புளோயர்

இடமில்லாதவர்களுக்கும், ஒவ்வொரு வாரமும் பனி குவியும் ஊர்க்காரர்களுக்கும் இதுவே கதி. டிராக்டர் புளோயர்கள் இரண்டு கட்டமாக வேலை செய்யும். முன்னால் திருகு பனியை நடுவுக்குக் கொண்டுவரும். பின்னால் விசிறி அதைப் புகைபோக்கி போன்ற குழல் வழியாக வீசும். உலர்ந்த பனியை 10 மீட்டருக்கும் மேல் எறிந்துவிடுவதால் ஓரத்தில் மேடு சேராது.

அகலம், டயரின் வெளியகலத்தைவிடக் குறைந்தது 10 முதல் 15 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். அதற்கு மேல் அகலம் தேடாதீர்கள். ஒவ்வொரு புளோயருக்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச பி.டி.ஓ. ஹெச்.பி. குறித்திருப்பார்கள். உங்கள் வண்டி அந்த வரம்பின் நடுவில் இருப்பது நல்லது. குறைந்தபட்சத்தில் நின்றால் உலர்ந்த பனியில் ஓடும், ஈரப்பனியில் மூச்சு வாங்கும். அதிகபட்சத்தைத் தாண்டினால் ஷியர் போல்ட் (சுமை மிஞ்சினால் முதலில் உடையும் பாதுகாப்பு போல்ட்) உடைந்துகொண்டே இருக்கும்.

பின்புற புளோயர் விலை குறைவு, மாட்டுவது எளிது, லோடரைக் கழற்ற வேண்டாம். ஆனால் முழு நேரமும் திரும்பிப் பார்த்தபடி ரிவர்ஸில் ஓட்ட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை உள்ளவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். முன்னால் போகும்போதே இழுத்து வேலை செய்யும் தலைகீழ் வகையும் இருக்கிறது. கழுத்து தப்பிக்கும், பனியை முதலில் டிராக்டரே மிதித்துக்கொண்டு போவதால் வண்டியின் அடிவயிற்று உயரத்தைத் தாண்டிய பனியில் சிக்கிக்கொள்ளும். முன்புற புளோயர் நடு பி.டி.ஓ.விலிருந்தோ முன் பி.டி.ஓ.விலிருந்தோ சக்தி எடுக்கும். ஓட்டுவதற்கு இதுதான் சிறந்தது. ஆனால் துணைச்சட்டம், தண்டு எல்லாம் சேர்ந்து விலை ஏறும், பல வண்டிகளில் லோடரைக் கழற்றினால்தான் மாட்ட முடியும். லோடர் முனையில் மாட்டும் ஹைட்ராலிக் புளோயருக்குத் தேவையான எண்ணெய் ஓட்டத்தைச் சிறிய டிராக்டரின் பம்பு தராது. ஓட்ட அளவைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

குழலைத் திருப்புவது கைப்பிடியா, மின் மோட்டாரா, ஹைட்ராலிக்கா என்பதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். பாதை வளையும் ஒவ்வொரு இடத்திலும், காற்று மாறும் ஒவ்வொரு முறையும் திருப்ப வேண்டும். கண்ணாடிக் கதவில்லாத டிராக்டரில் காற்றுக்கு எதிராக வீசினால் பனி முழுவதும் ஓட்டுபவர் முகத்தில்தான் விழும்.

துடைப்பமும் உப்பு தூவியும்

சுழல் துடைப்பம் ஐந்து சென்டிமீட்டர் வரையிலான லேசான பனிக்கும், பதித்த கல் தரைக்கும். ஆழமான ஈரப்பனியில் முள்ளெல்லாம் ஒட்டிக்கொள்ளும். உப்பு தூவி சரிவான தார்ப்பாதை உள்ளவர்களுக்குத் தேவை. சாதாரண உப்பு தரை வெப்பநிலை சுமார் −9 டிகிரி செல்சியஸ் வரைதான் நன்றாக வேலை செய்யும். அதற்குக் கீழே கால்சியம் குளோரைடு, அல்லது பிடிப்புக்காக மணல். புதிதாகப் போட்ட கான்கிரீட்டில் உப்பு வேண்டாம், மேல்தோல் உரியும்.

எடை, டயர், செயின்

லோடரில் பனியைத் தூக்கும்போது பின்சக்கரத்தின் எடை முன்னுக்குப் போய்விடும். பின்டயர் வழுக்குவதோடு வண்டி கவிழும் ஆபத்தும் உண்டு. லோடர் கையேடு எவ்வளவு பின்எடை சொல்கிறதோ அதை மூன்று புள்ளியில் எடைப்பெட்டியாகத் தொங்கவிடுங்கள். பின்புற பிளேடும் ஓரளவு இந்த வேலையைச் செய்யும் என்பதால், முன்னால் பக்கெட், பின்னால் பிளேடு என்ற கூட்டணி நன்றாக அமையும்.

பின்டயரில் திரவம் நிரப்புவது இன்னொரு வழி. வால்வு உச்சியில் இருக்கும்போது வால்வு மட்டம் வரை, அதாவது சுமார் 75 சதவீதம், நிரப்பினால் மீதிக் காற்று மெத்தையாக இருக்கும். வெறும் தண்ணீர் கூடாது, உறைந்துவிடும். கால்சியம் குளோரைடு கரைசல் கனமானது, ஆனால் கசிந்தால் ரிம்மைத் துருவாக்கும். பீட்ரூட் சாற்றுக் கரைசல் துருப்பிடிக்க வைக்காது, எடையும் நல்லது, விலை அதிகம்.

பனிக்கட்டியில் எடை மட்டும் போதாது, செயின் வேண்டும். அடர்த்தியான பட்டைகள் கொண்ட, இரண்டு கண்ணிக்கு ஒரு குறுக்குச் சங்கிலி உள்ள செயின் சீராக ஓடும். நான்கு கண்ணிக்கு ஒன்று என்றால், ஆழமான வரி உள்ள விவசாய டயரில் குறுக்குச் சங்கிலி வரிகளுக்கு இடையில் விழுந்து பயனற்றுப் போகும். போடும் முன் மட்கார்டுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். போட்டு அரை மணி நேரம் ஓட்டியபின் நிறுத்தி மீண்டும் இறுக்குங்கள். தளர்ந்த செயின் மட்கார்டைக் கிழித்துவிடும்.

சரிவில் இறங்கும்போது நான்கு சக்கர இயக்கம் போட்டே இருக்க வேண்டும். பல சிறிய டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். நான்கு சக்கர இயக்கம் போட்டால்தான் அந்தப் பிரேக் முன்சக்கரத்துக்கும் போய்ச் சேரும். லோடரில் சுமையோடு, பின்னால் எடையில்லாமல், இரண்டு சக்கர இயக்கத்தில் பனிச்சரிவில் இறங்கினால் பிரேக் இல்லாத வண்டிக்குச் சமம்.

பொருத்தும்போது

பி.டி.ஓ. தண்டின் நீளத்தை முதல் முறையே சரிபாருங்கள். கருவியை மேலும் கீழும் தூக்கி, தண்டு மிகக் குறுகும் நிலையிலும் இரண்டு குழாய்களும் முட்டாமல் குறைந்தது 25 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். மிக நீளும் நிலையில் ஒன்றுக்குள் ஒன்று மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். முட்டினால் டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கே போகும். வெட்ட வேண்டியிருந்தால் இரண்டு குழாயையும், இரண்டு பிளாஸ்டிக் உறையையும் ஒரே அளவு வெட்டி, பிசிறைத் தேய்த்துவிட்டு கிரீஸ் பூசுங்கள்.

ஸ்கிட் ஷூ எனப்படும் பக்க இரும்புப் பாதங்களைத் தரைக்கேற்ப வையுங்கள். தார்த் தரையில் விளிம்புக்கும் தரைக்கும் 3 முதல் 6 மி.மீ. போதும். உறையாத சரளையில் 25 மி.மீ. இருபுறமும் ஒரே உயரமா என்று சமதரையில் ஒரே தடிமனுள்ள பலகைத் துண்டுகளை விளிம்பின் கீழ் வைத்துப் பார்க்கலாம்.

ஷியர் போல்டுகளைப் புத்தகம் சொல்லும் தரத்தில் மட்டும் வாங்கி, குறைந்தது பத்து போல்ட்டை வண்டியிலேயே வையுங்கள். உறைந்த கட்டியோ கல்லோ திருகில் சிக்கும்போது உடைய வேண்டியது அந்தச் சின்ன போல்ட்தான். அவசரத்துக்குக் கையில் கிடைத்த கெட்டி போல்ட்டைப் போட்டால் அடுத்த முறை உடைவது கியர்பாக்ஸ் பல்லோ செயின் ஸ்பிராக்கெட்டோ.

வேலை நேரத்தில்

தரை உறைவதற்கு முன்பே பாதையின் இரு ஓரத்திலும் 1.2 மீட்டர் உயரக் குச்சிகளை நட்டுவிடுங்கள். பைப் வால்வு, கல்வரம்பு, செடி வரிசை எல்லாவற்றுக்கும். முதல் பனியிலேயே ஓரத்தைத் தேவைக்கு அதிகமாக, இரு பக்கமும் ஒரு மீட்டராவது கூடுதலாக ஒதுக்குங்கள். ஒதுக்கிய மேடு உறைந்து கல்லாகிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு பனிக்கும் பாதை குறுகிக்கொண்டே போகும். ஆழமாக விழுகிற நாளில் நின்றபின் ஒரே தடவையாகத் தள்ளலாம் என்று காத்திருக்காமல், 10 முதல் 15 சென்டிமீட்டர் சேர்ந்ததும் ஒருமுறை தள்ளிவிடுங்கள்.

கதவுக்கு முன்னால் உள்ள பனியைப் பின்புற பிளேடால் கதவை ஒட்டி நிறுத்தி முன்னோக்கி இழுப்பது முதல் வேலை. நடுவில் தொடங்கி ஓரத்துக்கு ஒதுக்குங்கள். சாலையைச் சுத்தம் செய்யும் வண்டி உங்கள் பாதை வாயிலில் விட்டுப்போகும் மேட்டை உறையும் முன்பே பக்கெட்டால் எடுத்துவிடுங்கள்; அதில் உப்பு கலந்த ஈரப்பனியும் கட்டியும் இருப்பதால் புளோயருக்குக் கொடுக்க வேண்டாம்.

புளோயரில் இன்ஜினை முழு பி.டி.ஓ. சுற்றில் வைத்து, வண்டி வேகத்தை மட்டும் கூட்டிக் குறையுங்கள். குழலில் பனி அடைப்பது பெரும்பாலும் சுற்று குறைந்ததால்தான்: விசிறி மெதுவாகச் சுற்றினால் ஈரப்பனி குழலின் வளைவில் ஒட்டி, அடுக்கடுக்காக இறுகி, ஒரு நிமிடத்தில் வாய் மூடிவிடும். ஈரப்பனியில் அகலத்தில் பாதி மட்டும் எடுங்கள். தொடங்கும் முன் குழலின் உள்ளே சிலிகான் ஸ்பிரே அடித்தால் ஒட்டுவது வெகுவாகக் குறையும்.

அடைத்துவிட்டால் பி.டி.ஓ.வை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, எல்லாம் நின்றபின் குச்சியால் மட்டும் குத்திவிடுங்கள். கை வேண்டவே வேண்டாம். இன்ஜின் நின்ற பிறகும் அடைப்பில் அழுத்தம் தேங்கியிருக்கும். அடைப்பு விலகியதும் திருகும் விசிறியும் சட்டென்று கொஞ்சம் சுற்றும், விரல் போவதற்கு அதுவே போதும். தண்டின் பிளாஸ்டிக் உறை இல்லாமல் ஓட்டாதீர்கள். குளிருக்குப் போடும் தளர்ந்த சால்வை, கோட்டின் கயிறு எல்லாம் சுற்றிக்கொள்ளும். சீட் பெல்ட்டும் பாதுகாப்புக் கம்பியும் கட்டாயம். மூடிய கொட்டகையில் இன்ஜினைச் சூடேற்ற வேண்டாம், கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் கொல்லும்.

எது யாருக்கு

இருபுறமும் இடம், நடுத்தர நீளம்: பின்புற பிளேடு, இருக்கும் பக்கெட். இடமில்லாத குறுகிய பாதை, அடிக்கடி ஆழமான பனி: புளோயர்; தினமும் ஓட்ட வேண்டுமென்றால் முன்புற வகை. பெரிய திறந்த முற்றம்: புஷர். சரளைப் பாதை: பின்புற பிளேடும் குழாய் விளிம்பும், புளோயர் வைத்தால் பாதங்களைத் தாழ்த்தி விளிம்பை உயர்த்தி, கண்ணாடி ஜன்னல் பக்கம் வீசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சரிவான தார்ப்பாதை: எந்தக் கருவியானாலும் முதலில் செயின், பிறகு உப்பு தூவி. இரண்டு கருவிகளுக்குத்தான் பணம் என்றால் பிளேடும் செயினும் வாங்குங்கள். செயின் இல்லாத புளோயரைவிடச் செயின் உள்ள பிளேடு அதிக நாள் ஓடும்.

பராமரிப்பு

குளிர்கால டீசலுக்கு முதல் உறைபனிக்கு முன்பே மாறிவிடுங்கள். டீசலில் மெழுகு உறைந்து ஃபில்டர் அடைத்தபின் கலவை ஊற்றிப் பயனில்லை. ஹைட்ராலிக் எண்ணெய் குளிரில் கெட்டியாக இருக்கும். வேலை தொடங்கும் முன் லோடரை மெதுவாக நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். வேலை முடிந்ததும் பிளேடைத் தரையில் நேரடியாக வைக்காமல் பலகைமேல் இறக்குங்கள், இல்லாவிட்டால் காலையில் தரையோடு ஒட்டிக்கொள்ளும். புளோயரை நிறுத்தும் முன் இன்னும் ஒரு நிமிடம் காலியாக ஓட்டினால் உள்ளே உள்ள பனி வெளியேறி, விசிறி உறையாமல் இருக்கும்.

விளிம்பு தேய்மானத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். பல பிளேடுகளின் வெட்டுவிளிம்பைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டலாம். தேய்ந்து போல்ட் துளையைத் தொடும் முன்பே திருப்ப வேண்டும், பிறகு தேய்வது பிளேடின் உடல். குளிர்காலம் முடிந்ததும் உப்பைக் கழுவி, காய வைத்து, வெளியே தெரியும் ஹைட்ராலிக் ராடுகளில் கிரீஸ் பூசுங்கள். ஷியர் போல்ட் இருக்கும் இடத்தில், போல்ட்டைக் கழற்றி, திருகு தண்டின்மேல் தனியாகச் சுற்றுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்து, கிரீஸ் அடியுங்கள். அங்கே துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் அடுத்த ஆண்டு கல் சிக்கும்போது ஷியர் போல்ட் உடைந்தும் திருகு விடுபடாது, அடி நேராகக் கியர்பாக்ஸுக்குப் போகும்.